பத்தாம் வகுப்புக்கு ஆவர்த்தன அட்டவணை வேண்டும்

மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து எடுக்கப்பட்ட ஆவர்த்தன அட்டவணை, பரிணாமம் உள்ளிட்ட பாடப்பகுதிகள் திரும்பி வரப்போவதில்லை என்பது 2023-இல் உறுதியானது. 2022-இல் நீக்கல் பட்டியல் வெளியானபோது, பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததற்கான ஓராண்டு ஏற்பாடு என்று பலரும் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். ஆனால் 2023-24 கல்வியாண்டில், அந்தப் பகுதிகள் இல்லாமலேயே அச்சான நூல்கள் மாணவர்களின் பைகளுக்குள் வந்துவிட்டன. பரிணாமத்தை நீக்காதீர்கள் என்று 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகும் முடிவில் மாற்றமில்லை. அந்த ஆண்டுக்குப் பள்ளிகள் திறந்து, முதல் பாடமும் தொடங்கியது.

நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை வாசகர்கள் அறிவார்கள். வேறு வகுப்பிலோ வேறு பாடத்திலோ அதே செய்தி வருகிறது, கடினமாக இருக்கிறது, இன்றைய சூழலுக்குப் பொருந்தவில்லை, ஆசிரியரின் பெரிய தலையீடு இல்லாமல் மாணவர்கள் தாமாகவோ நண்பர்களோடு சேர்ந்தோ கற்றுக்கொள்ள முடியும். இவற்றில் கடைசிக் காரணம்தான் நம்மை அதிகம் உறுத்துகிறது. வகுப்பில் ஆசிரியர் நடத்த வேண்டியதை வீட்டில் நீயே பார்த்துக்கொள் என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்வது, ஆசிரியர் கொடுக்காத, யாரும் திருத்தாத ஒரு வீட்டுப்பாடத்தை அதன் தலையில் கட்டுவதாகும். வீட்டில் படித்தவர்கள் இருக்கும் பிள்ளைக்கு அது நடக்கலாம். டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த பிள்ளைக்கும் நடக்கலாம். மற்ற பிள்ளைகளுக்கு அந்த அத்தியாயம் இல்லாமலே போய்விடும்.

நீக்கப்பட்டவற்றில் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு என்ற அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் ஒரு நல்ல அறிவியல் ஆசிரியரின் வகுப்பு எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு, இழப்பின் அளவு புரியும். முதல் நாள் வீட்டுப்பாடம் எளிமையானது: ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரை இருபது தனிமங்களுக்கு இருபது அட்டைகள். பழைய காலண்டர் அட்டையை வெட்டிக்கொண்டால் போதும். ஒவ்வொன்றிலும் பெயர், குறியீடு, அணுநிறை, இணைதிறன். மறுநாள் பிள்ளைகள் அவற்றை மேசைமேல் பரப்பி, அணுநிறை ஏறும் வரிசையில் அடுக்குகிறார்கள். சிறிது நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும், இணைதிறன் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, இறங்கி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்று. லித்தியம் 7, பொட்டாசியம் 39. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 23. அதுதான் சோடியத்தின் அணுநிறை. டோபரீனர் இப்படி மும்மூன்றாகச் சேர்த்துப் பார்த்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்தியாகப் படிப்பதற்கும், பென்சிலால் தானே கணக்குப் போட்டு அது சரியாக வருவதைப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

அடுத்த பாடவேளையில் ஆசிரியர் ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஓர் அட்டையை எடுத்து வைத்துக்கொள்கிறார். எடுத்தது எது, அதன் குணம் என்னவாக இருக்கும், குளோரினோடு சேர்ந்தால் அதன் வாய்பாடு என்ன என்று கேட்கிறார். பிள்ளைகள் பக்கத்து அட்டைகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். 1869-இல் மெண்டலீவ் செய்ததும் இதுதான். அப்போது தெரிந்திருந்த தனிமங்கள் 63. வரிசையில் பொருந்தாத இடத்தில் ஒரு தனிமத்தைத் திணிக்காமல், அந்த இடத்தைக் காலியாக விட்டு, இங்கே இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒன்று இருக்கிறது என்று அவர் எழுதினார். அலுமினியத்துக்குக் கீழே வர வேண்டியதன் அணுநிறை 68 என்றார். 1875-இல் கேலியம் கிடைத்தது, 69.7. சிலிக்கானுக்குக் கீழே 72 என்று அவர் சொன்ன இடத்துக்கு 1886-இல் ஜெர்மானியம் வந்தது. கண்ணால் காணாத ஒன்றைப் பற்றித் துணிந்து ஒரு எண்ணைச் சொல்ல முடியும், அந்த எண் சரியா தவறா என்று உலகமே சோதித்துப் பார்க்க முடியும் என்பதை, பள்ளி அறிவியலில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் நாமறிந்து வேறில்லை.

அதே இருபது அட்டைகளுக்குள் ஒரு முரணும் இருக்கிறது. ஆர்கானின் அணுநிறை ஏறத்தாழ 40, பொட்டாசியத்தின் அணுநிறை 39. நிறைப்படி அடுக்கினால் பொட்டாசியம் முன்னால் வந்து, எதனோடும் எளிதில் சேராத வாயுக்களின் தொகுதியில் போய் உட்காரும். தண்ணீரில் போட்டதும் தீப்பற்றும் உலோகத்துக்கு அங்கே என்ன வேலை என்று வகுப்பு கேட்கும். அங்கிருந்துதான் 1913-இல் மோஸ்லி செய்த வேலைக்கும், நிறையை விட்டுவிட்டு அணு எண்ணைப் பிடித்த நவீன அட்டவணைக்கும் ஆசிரியர் வகுப்பை அழைத்துச் செல்கிறார். ஒரு விதி, அது உடையும் இடம், அதைவிட நல்ல விதி. மூன்று நாள் வகுப்பு வேலையிலும் இருபது காகித அட்டைகளிலும் இத்தனையும் அடங்கிவிடுகிறது. ஆய்வகம் வேண்டாம், அமிலம் வேண்டாம், பணமும் வேண்டாம். நீக்கியிருப்பது இதை.

இதை எடுத்ததால் பிள்ளைகளின் சுமை குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. அட்டவணைதான் போயிற்றே தவிர, அதன்மேல் நிற்கும் பாடங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வேதிச் சமன்பாடுகளைச் சமன்படுத்த வேண்டும். உலோகங்களும் அலோகங்களும் என்ற அத்தியாயத்தில் சோடியம் ஏன் ஒரு எலக்ட்ரானை விடுகிறது, குளோரின் ஏன் ஒன்றை வாங்குகிறது, மக்னீசியம் ஏன் இரண்டை விடுகிறது என்று எழுத வேண்டும். கார்பனுக்கு ஏன் நான்கு பிணைப்பு என்று சொல்ல வேண்டும். அட்டவணை கையில் இருந்த பிள்ளை தொகுதியைப் பார்த்து விடை எழுதியது. அது இல்லாத பிள்ளை இருபது தனிமங்களுக்கும் இருபது தனித்தனிச் செய்திகளை மனப்பாடம் செய்ய வேண்டும். மாலையில் வீட்டுப்பாட நோட்டில் இணைதிறன்களைப் பத்துமுறை எழுதும் பழக்கம் இதனால் கூடுமே ஒழியக் குறையாது. பள்ளிப் பிள்ளைகளின் சுமையை ஆராய்ந்த யஷ்பால் குழு 1993-இல் தன் அறிக்கையில் சொன்னது இதைத்தான்: பையின் கனத்தைவிடப் பெரிய சுமை, புரியாமல் படிப்பது. முப்பது ஆண்டுகள் கழித்து, சுமையைக் குறைக்கிறோம் என்ற பெயரில், புரியவைக்கும் கண்ணியைப் பிடுங்கிவிட்டு, புரியாமல் படிக்க வேண்டிய மிச்சத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் அட்டவணை விரிவாக வருகிறதே என்கிறார்கள். யாருக்கு வருகிறது? வேதியியலைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு. வணிகவியல் எடுக்கும் பிள்ளைக்கும், வரலாறு எடுக்கும் பிள்ளைக்கும், பத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஐ.டி.ஐ.-யிலோ ஒரு பட்டறையிலோ சேரும் பிள்ளைக்கும் பள்ளி அறிவியல் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து அறிவியல் படிக்கும் கடைசி வகுப்பு அது. பரிணாமத்துக்கும் இதே கதிதான். மரபியல் இருக்கிறது, பரிணாமம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலுக்குப் போய்விட்டது. உயிரியல் எடுக்காத பிள்ளை டார்வினின் கொள்கையைத் தன் பள்ளி வாழ்வில் பாடமாகப் படிக்காமலே வெளியே வரும். நினைத்தால் ஆசிரியர் தாமே நடத்தலாமே என்று சிலர் சொல்லக்கூடும். தேர்வில் வராத ஒன்றுக்கு மூன்று பாடவேளை ஒதுக்கிவிட்டு, போர்ஷன் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அதே ஆசிரியர்தான்.

மற்ற நீக்கங்களிலும் யோசனையின் அடையாளம் தெரியவில்லை. மின்மோட்டார், மின்காந்தத் தூண்டல், ஜெனரேட்டர் ஆகியவை போய்விட்டன. ஆனால் மாறுதிசை மின்னோட்டமும் வீட்டு மின்சுற்றும் இருக்கின்றன. மின்சாரம் எங்கிருந்து எப்படி வந்தது என்று சொல்லாமல், வந்த மின்சாரம் வீட்டுக்குள் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் ஆசிரியர் கற்பிக்க வேண்டும். ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய கொஞ்சம் செப்புக் கம்பி கொண்டு பிள்ளைகள் வீட்டில் செய்துவந்து, காலையில் சுற்றவைத்துக் காட்டிய சின்ன மோட்டாருக்கு இனிப் பாடத்தில் இடமில்லை. ஆற்றல் மூலங்கள் என்ற அத்தியாயமே இல்லை. ஆரல்வாய்மொழியில் பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு அதைப் பற்றி எழுத ஒரு வகுப்புப்பாடம் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் நாம் ஏன் நோய்வாய்ப்படுகிறோம் என்ற அத்தியாயத்தை எடுத்ததை எந்தச் சொல்லால் குறிப்பது என்றே தெரியவில்லை. தொற்று எப்படிப் பரவுகிறது, தடுப்பூசி என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த தலைமுறை பள்ளிக்குத் திரும்பி வந்ததும், அதே பாடத்தை அதனிடமிருந்து பறித்தார்கள்.

நம் மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்பில் ஆவர்த்தன வகைப்பாடும் இருக்கிறது, உயிரின் தோற்றமும் பரிணாமமும் இருக்கின்றன. ஒரே தெருவில் இருந்து மாநகராட்சிப் பள்ளிக்குப் போகும் பிள்ளை படிப்பதை, பெரும் கட்டணம் கட்டி மத்தியப் பாடத்திட்டப் பள்ளிக்குப் போகும் பிள்ளை படிக்காது. இதைச் சொல்வது மாநில நூலுக்குப் பெருமை சேர்ப்பதற்காக அல்ல. இந்தப் பாடங்கள் பதினைந்து வயதுக்குக் கடினம் என்ற வாதத்துக்கு, அவற்றை ஆண்டுதோறும் படித்துத் தேர்வெழுதும் லட்சக்கணக்கான தமிழ்நாட்டுப் பிள்ளைகளே மறுப்பு.

இப்படி முடிவெடுப்பது மத்தியப் பாடத்திட்டத்தை நடத்துபவர்களுக்குப் புதிதல்ல. 2009-இல் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். தேர்வு பயம் போகும், அன்றாட வகுப்பு வேலைக்கு மதிப்பு வரும் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் நாற்பது, ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு செயலையும் பதிவுசெய்ய ஆசிரியருக்கு எங்கே நேரம் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சார்ட்டும் மாடலும் ஸ்டேஷனரி கடைகளில் விற்பனைக்கு வந்தன. எரிமலையும் சூரியக் குடும்பமும் விலை கொடுத்தால் கிடைத்தன. ப்ராஜெக்டைப் பெற்றோர் இரவு கண்விழித்துச் செய்தார்கள், பிள்ளை கிரேடு வாங்கியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2017-இல் மதிப்பீட்டு முறை கைவிடப்பட்டது, 2018-இல் பொதுத்தேர்வு மீண்டும் எல்லோருக்கும் கட்டாயமானது. இடையில் படித்துவிட்டுப் போன பிள்ளைகளிடம் யாரும் விளக்கம் சொல்லவில்லை.

2014-இல் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளுக்கு வந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் அதுவும் போனது. 2021-22-இல் பொதுத்தேர்வை இரண்டாகப் பிரித்து, முதல் பருவத்துக்குக் கட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாள் கொடுத்தார்கள். எந்தப் பருவத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது இரண்டையும் பிள்ளைகள் எழுதி முடித்த பிறகே தெரிந்தது: முதலாவதற்கு 30, இரண்டாவதற்கு 70. அடுத்த ஆண்டே அந்த முறையும் இல்லை. 2020-இல் பள்ளிப் பைக் கொள்கை என்ற ஒன்று வந்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடம் நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. எட்டுப் பாடவேளைக்குப் பிறகு டியூஷன், அதற்குப் பிறகு ஐந்து பாட நோட்டு என்று இரவு பதினொரு மணிக்குப் படுக்கும் பிள்ளைகளின் வீடுகளில் அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வீட்டுப்பாடத்தின் அளவைக் கண்காணிக்க முடியாதவர்கள்தான், அட்டவணையைப் பிள்ளைகள் வீட்டில் தாமாகக் கற்றுக்கொள்வார்கள் என்று தீர்மானிக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றே. மேலே சிலர் முடிவெடுக்கிறார்கள், சுற்றறிக்கை கீழே வருகிறது, ஆசிரியர் தம் பாடக்குறிப்பேட்டைக் கிழித்து மறுபடி எழுதுகிறார். சில ஆண்டுகளில் முடிவு மாறுகிறது, முடிவெடுத்தவர் யாரும் பொறுப்பேற்பதில்லை. ஏன் இந்த அத்தியாயம், யார் பரிந்துரைத்தது, எந்த வகுப்பறையில் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேட்டால் நேரான பதில் வருவதில்லை. ஒரு நாட்டின் பிள்ளைகள் எதைப் படிக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கான காரணத்தை நான்கு பொதுவான வரிகளில் முடித்துக்கொள்வது பொறுக்கத்தக்கதல்ல. 2019-ஐ ஆவர்த்தன அட்டவணையின் 150-ஆம் ஆண்டாக உலகமே கொண்டாடியது. நான்கு ஆண்டுகள் முடிவதற்குள் அந்த அட்டவணையைத் தம் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்த நாடாக நாம் நிற்கிறோம்.

இந்த முடிவு திரும்பப் பெறப்பட வேண்டும். நூலை மறுபடி அச்சிட நாளாகும் என்றால், அதுவரை அந்தப் பக்கங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்க்க ஏதேனும் ஒரு வழி காணட்டும். சுமை உண்மையிலேயே குறைய வேண்டும் என்றால், தினமும் கரும்பலகைக்கு முன் நின்று, தினமும் நாற்பது நோட்டுகளைத் திருத்துகிறவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். எதை எடுத்தால் பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், எதை எடுத்தால் பாடமே சரிந்துவிழும் என்பது அவர்களுக்குத் தெரியும். இதுவரை அவர்களை யார் கேட்டார்கள்?