சீவாளியும் ஆம்ப்ளிஃபயரும்

நாமகிரிப்பேட்டை என்றதும் இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒன்று மஞ்சள். இன்னொன்று நாதஸ்வரம். மஞ்சள் மண்டிப் பக்கம் போனால் தும்மல் வரும். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் கேசட் காதில் விழுந்தால் கல்யாண ஆசை வரும்! 1981-ல் பத்மஸ்ரீ வாங்கினார். 2001-ல் காலமானார். ஆனாலும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. ஸ்பீக்கர் செட்காரர் தயவு!

இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்து ராக் கிடாரைப் பற்றி எழுதலாமா என்று கேட்கிறீர்களா? தாராளமாக எழுதலாம் சார். இரண்டுமே நாலு தெருவுக்குக் கேட்கிற வாத்தியம். என்ன… நாதஸ்வரத்துக்குக் கரண்ட் வேண்டாம். எலெக்ட்ரிக் கிடாரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கிவிட்டால் கொசு முனகுகிற மாதிரி இருக்கும்.

நம் இளைஞர்களுக்குக் கிடார் பைத்தியம் பிடித்தது 1982-ல். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளைய நிலா பாட்டு. அந்தக் கிடாரை வாசித்தது யார் என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது பேர் "மோகன்" என்பார்கள். பிடித்துக்கொண்டு நின்றவர் மோகன். ஸ்டூடியோவில் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். ரெக்கார்டிங் கலைஞன் தலையெழுத்து அது. ஊரே முணுமுணுக்கும்; பேர் மட்டும் தெரியாது.

பேர் தெரிந்த ஒருவரும் இருக்கிறார். கிடார் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு படித்தவர். இது நம் வீட்டில் நடந்திருந்தால் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கும். "கப்பலைக் கட்டுடான்னா கம்பியைக் கட்டிட்டு அழறானே!" அதற்கப்புறம் அமெரிக்கா போய் பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரியிலும் படித்தார். கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிடாரில் கச்சேரியாகவே வாசித்துக் காட்டினார்.

அது லேசுப்பட்ட காரியமா? கிடார் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் இருக்கும். கம்பியை அழுத்தினால் பட்டைக்குப் பட்டை தனித்தனி ஸ்வரம், மாடிப்படி மாதிரி. நம்ம ராகத்துக்கு மாடிப்படி ஆகாது, சறுக்குமரம் வேண்டும். நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். ஆனால் மூச்சாலும் சீவாளியைக் கவ்வும் உதட்டாலும் வித்வான் ஸ்வரத்தை இழைத்து, குழைத்து எடுத்துவிடுவார். கிடார்காரர் என்ன செய்வார்? கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தின விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் நாதம் சீக்கிரம் சாகாது. ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்காவில் ராக் பாட்டுக்கு வளைத்த அதே கம்பி தோடிக்கும் வளையும்! பிரசன்னா சும்மாவா 2006-ல் ஹென்ட்ரிக்ஸ் நினைவாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு ஆல்பம் போட்டார்? ஹென்ட்ரிக்ஸின் 1968 ஆல்பம் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்'. லேடி இருந்த இடத்தில் பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டார்.

'ஸ்மைல் பிங்கி' டாகுமெண்டரிக்கும் அவர்தான் இசை. ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய அதே 2009 விழாவில் அந்தப் படத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது. 2010-ல் ஈ.சி.ஆர். ரோட்டில் செய்யூர் பக்கம் ஸ்வர்ணபூமி இசைப்பள்ளி ஆரம்பித்தபோது அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

நான் பி.காம்.காரன். எதைப் பார்த்தாலும் லெட்ஜர்தான் ஞாபகம் வரும். கச்சேரி என்பது கரண்ட் அக்கவுண்ட்: வந்த கைதட்டல் அன்றைக்கே செலவு. ரெக்கார்டிங் என்பது ஃபிக்ஸட் டெபாசிட்: போட்டவர் போனாலும் வட்டி வந்துகொண்டே இருக்கும். நம்ம ஊர் கிருஷ்ணன் கேசட்டே சாட்சி. மூன்றாவது, சொல்லிக் கொடுப்பது. இதை மட்டும் நம் ஜனங்கள் வாராக்கடன் கணக்கில் எழுதிவிடுவார்கள். "பாவம், கச்சேரி குறைஞ்சுபோச்சு போல, ட்யூஷன் எடுக்கிறார்!"

அங்கேதான் கணக்கு உதைக்கிறது. கேசட் வாசிக்கும், திருத்தாது. நீங்கள் தோடியை முகாரி மாதிரி இழுத்தாலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருக்கும். "தம்பி, அந்தக் காந்தாரம் அப்படியில்லை, இப்படி" என்று தொடையில் தட்டிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் செல்போன் வந்தது. அந்த ஆளுக்கு மட்டும் மாற்று வரவில்லை. கிருஷ்ணனின் நாதஸ்வரம் இன்றைக்கும் எல்லோர் செல்போனிலும் கிடைக்கும். ஆனால் சீவாளியை எடுத்து ஒரு பையன் கையில் கொடுத்து, "ஊது, பாக்கலாம்" என்று பொறுமையாக உட்காருகிறவர்கள் எத்தனை பேர்? நிஜமான சொத்துக் கணக்கு அதுதான்.

அதனால் பீரோ மேலே தூசி படிந்த கிடாரை வைத்திருக்கும் ஆபீஸ் கனவான்களே! வேலையை ராஜினாமா செய்யச் சொல்லவில்லை. (செய்தால் வீட்டில் என்னைத்தான் உதைப்பார்கள்.) உங்களுக்குத் தெரிந்த நாலு கார்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். ஒரு மாசத்தில் அவன் உங்களைவிட நன்றாக வாசிப்பான். கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா வாத்தியாருக்கும் கிடைக்கிற போனஸ் அதுதான்!