கம்பிக்குக் கண் கிடையாது

ராஜபாளையத்துக்கு மேற்கே, நீர்காத்த அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் மலையை ஒட்டியே கிடக்கின்றன. அதற்கு மேலே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். காட்டுக்கும் தோப்புக்கும் நடுவே ஒரு வரப்புதான் எல்லை என்றிருக்கிற இந்த மாதிரி அடிவாரங்களில் ஒரு வாதம் உலவுகிறது. மோட்டார் ரூமிலிருந்து வயரை இழுத்து வேலிக்கம்பியில் நேராகக் கரண்ட் விடுவது குற்றம் இல்லையாம், தற்காப்பாம். என் நிலம், என் பயிர். அத்துமீறி நுழைவது பன்றியோ மனிதனோ, செத்தால் நான் பொறுப்பில்லை. சொத்தைக் காக்கிற உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது என்கிறார்கள். போதாததற்கு, எல்லையில் ஆயுதத்தோடு நிற்கிற அய்யனாரையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

இதில் அரை வரி உண்மை இருக்கிறது. மீதி அத்தனையும் பிணத்தின் மேல் போர்த்துகிற துணி.

உண்மை அரை வரியை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரை என்று எண் மாறியிருக்கின்றன, சாரம் மாறவில்லை. உடலைக் காக்கவும் சொத்தைக் காக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று அவை சொல்கின்றன. அந்த வரியோடு இவர்கள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் எழும்போதுதான் அந்த உரிமை தொடங்குகிறது, அது நீங்கியதும் முடிந்துபோகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் உரிமையே கிடையாது. சொத்துக்காக ஒருவன் உயிரைப் போக்கலாம் என்றால் அது கொள்ளை, இருட்டிய பிறகு வீட்டை உடைத்துப் புகுவது, குடியிருக்கிற அல்லது பொருள் வைத்திருக்கிற கட்டடத்துக்குத் தீ வைப்பது, உயிரோ பெருங்காயமோ நேரும் என்று அஞ்சவைக்கிற திருட்டு, சேதம், வீட்டுக்குள் அத்துமீறல், இவ்வளவுக்குத்தான். விழுந்த மாங்காயைப் பொறுக்க வந்தவனும், பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் குறுக்கே நடந்தவனும் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறான்?

பொழுது சாய சுவிட்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவருக்கு என்ன அச்சம் எழுந்தது? யாரைப் பார்த்து எழுந்தது? வருகிறவன் கையில் அரிவாள் இருந்ததா, மண்வெட்டி இருந்ததா என்று கம்பி பார்த்ததா? தற்காப்பு என்பது எதிரே வருகிற ஆபத்தைக் கண்ணால் கண்டு, அந்த நொடியில் ஒரு மனிதர் எடுக்கிற முடிவு. கம்பிக்குக் கண் கிடையாது. ஆபத்து வருவதற்கு ஆறு மணி நேரம் முன்னாலேயே தண்டனையை விதித்துவிட்டு, யார் மாட்டினாலும் சரி என்று தூங்கப் போகிற செயலுக்குச் சட்டத்தில் வேறு பெயர்கள் இருக்கின்றன.

உண்மையான தற்காப்பு என்றால் இந்த நாட்டுச் சட்டம் கருமித்தனம் காட்டுவதில்லை. 2012இல் மதுரையில், மகளிடம் தவறாக நடக்கப் பாய்ந்த கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் இறந்தான். அன்றைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் பிரிவு 100ஐச் சுட்டி அந்தப் பெண்ணை விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரத்தில், கத்தியைக் காட்டிப் பலாத்காரம் செய்ய வந்தவனிடமிருந்து அதே கத்தியைப் பிடுங்கிக் குத்தினார் 19 வயதுப் பெண். அவரே காவல் நிலையத்தில் சரணடைந்தார், அவரும் விடுவிக்கப்பட்டார். தாக்கப்படுகிறவர் கோழையைப்போல ஓடத் தேவையில்லை, அந்தப் பதற்றத்தில் அடியை எடை போட்டு அடிக்கச் சொல்ல முடியாது என்று தர்ஷன் சிங் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இந்தப் பெண்கள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு மின்கம்பிக்காரர் தற்காப்பு என்கிறார். அவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேண்டியதில்லை.

மின்கம்பி விஷயமே உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பீகாரில் ஒரு வீட்டுக் கழிப்பறையின் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் பக்கத்துக் கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதன் சொந்தக்காரரான செருபின் கிரிகரி ஆட்சேபித்துப் பார்த்தார், பிறகு வழியில் உறையில்லாத செப்புக்கம்பியை இழுத்து மின்சாரம் விட்டார். 1959 ஜூலையில் அந்தப் பெண் அதைத் தொட்டு இறந்துபோனார். என் சொத்தைக் காக்கும் உரிமை, அவள் அத்துமீறி நுழைந்தவள் என்று அன்றைக்கே இதே வாதத்தை வைத்தார்கள். 1963இல் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அத்துமீறி நுழைந்ததாலேயே ஒருவர் சட்டத்தின் காப்பை இழந்துவிடுவதில்லை. நேராகத் தாக்க முடியாதவரை மறைமுகமாகப் பொறி வைத்தும் தாக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். தண்டனை உறுதியானது. இங்கிலாந்து 1827லேயே தோட்டங்களில் பொறித் துப்பாக்கி வைப்பதைத் தடைசெய்துவிட்டது. அமெரிக்காவின் அயோவாவில் பூட்டிக் கிடந்த பண்ணை வீட்டுக்குள் ஒருவர் துப்பாக்கிப் பொறி வைத்தார். உள்ளே வந்தது பழைய பாட்டில்களைத் திருட வந்த உண்மையான திருடன்தான். அவனுக்குக் கால் சிதைந்தது. 1971இல் அந்தத் திருடனுக்கே 30,000 டாலர் இழப்பீடு உறுதியானது. அதைக் கட்ட நிலத்தில் 80 ஏக்கரை விற்க வேண்டியதாயிற்று. நிலத்தைக் காக்க வைத்த பொறி நிலத்தையே தின்றது.

மனிதனை விடுங்கள், மிருகத்தை அடிக்கலாம்தானே என்பார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தன்னையோ இன்னொருவரையோ காக்க நல்லெண்ணத்தோடு மிருகத்தைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது. மனித உயிரைக் காக்க. தென்னங்கன்றைக் காக்க இல்லை. அதையும், அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவர் கோர முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்கென்று வைத்த கம்பியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. பன்றிக்கு என்றுதான் எல்லோரும் வைக்கிறார்கள். கம்பி அதைக் கேட்டுக்கொள்வதில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் பாலக்காட்டில் பன்றிக் கம்பியில் மாட்டி இறந்த இரண்டு இளைஞர்களை நிலத்துக்காரரே வயலில் குழி தோண்டிப் புதைத்தார். சோழவரத்துப் பெண் தானாகக் காவல் நிலையத்துக்குப் போனார். தான் செய்தது தற்காப்பு என்று நம்புகிறவர் எதற்காக மண்வெட்டியை எடுக்கிறார்?

விவசாயியின் வயிற்றெரிச்சலை நான் மறுக்கவில்லை. யானை ஒரு ராத்திரி இறங்கினால் வருஷக்கணக்காக வளர்த்த தென்னையின் குருத்து போய்விடும், நிவாரணத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிகளைச் சுட அரசு அனுமதித்தது, ஆனால் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும், அதுவும் வனத்துறையினர் மட்டும். காட்டை ஒட்டிய தோப்புக்கு அந்த உத்தரவால் ஒரு பயனும் இல்லை. இதெல்லாம் நியாயமான கோபம். அந்தக் கோபத்தைக் கேடயமாக்கிக்கொண்டு கம்பிக்காரர்கள் மறைக்கிற சங்கதி வேறு: கம்பியில் விழுகிறவர் தோப்பு முதலாளி இல்லை. தண்ணீர் பாய்ச்சுகிறவர், ஆடு மேய்க்கிறவர், கூலிக்குக் காவல் இருக்கிறவர்தான் இருட்டில் அந்த வழி நடக்கிறார்கள். அய்யனார் ராத்திரியில் குதிரையேறிச் சுற்றி வருவதாக நம்புகிற ஊர் இது. வருவது யார் என்று பார்ப்பதுதான் அந்தக் காவல். ஆள் தெரியாமல் கொல்கிற கம்பிக்கு அவரைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

துடிப்பு மின்சாரத்தில் இயங்கும் சோலார் வேலி உயிரை எடுக்காது, விரட்டும். அதைப் பதிவு செய்து அனுமதி பெற 2023இல் தமிழக அரசு விதிகளே வகுத்திருக்கிறது. அதற்கு முழு மானியம் கேளுங்கள், காட்டோர யானை அகழியைத் தூர்வாரச் சொல்லுங்கள், நிவாரணத்துக்குக் கெடு விதிக்கச் சொல்லி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் சண்டை போடுங்கள். நானும் வந்து உங்கள் பக்கம் நிற்கிறேன். மோட்டார் ரூமிலிருந்து வருகிற அந்த வயரை மட்டும் இன்றைக்கே கழற்றிவிட்டு வாருங்கள்.