கொடி பிடிக்க யார் நிற்கிறார்கள்?

கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவன் நான். விடுமுறை நாட்களில் மோட்டார்சைக்கிள் பந்தயங்களில் மார்ஷலாகப் போய் நிற்பேன். தடுப்புக்குப் பின்னால் கையில் கொடியோடு நிற்கிறவர்களை டிவியில் பார்த்திருப்பீர்கள், அந்தக் கூட்டத்தில் ஒருவன். தங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்த மாவட்டத்தில் பைக் பந்தயம் நடத்த அனுமதி கேட்டு யார் வந்தாலும், எந்த வளைவில் யார் நிற்கப் போகிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அனுமதி தராதீர்கள்.

பைக் இந்த ஊரின் சோறு. 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் புறப்பட்டது. இன்று ஏத்தர் ஓசூரில் இருக்கிறது, ஓலா போச்சம்பள்ளிப் பக்கம் இருக்கிறது. இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த பையன்கள் தெருவுக்கு நாலு பேர். முறையாக ஓட்டிப் பார்க்கத்தான் இடமில்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்திலோ உள்ள பந்தயத் தடத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவன் விடியற்காலையில் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே முறுக்குகிறான். ஆகவே யாராவது ஒரு மைதானத்தைச் சமன்படுத்திப் பந்தயம் வைக்கிறேன் என்று வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். நெடுஞ்சாலையைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் அப்படிப்பட்ட சின்னப் போட்டிகளில் மார்ஷல் என்பவர் பெரும்பாலும் யார் தெரியுமா? முந்தின நாள் பிடித்து வந்த கல்லூரிப் பையன். ஒரு டி-ஷர்ட், ஒரு பிரியாணிப் பொட்டலம், கையில் ஒரு மஞ்சள் துணி. பைக் விழுந்ததும் அவன் என்ன செய்வான்? நல்ல பையன் என்றால் விழுந்தவரை நோக்கி ஓடுவான். அங்கேதான் ஆபத்து.

விழுந்தவரைக் கூட்டம் பார்க்கும். மார்ஷல் அடுத்து வருகிறவரைப் பார்க்க வேண்டும். ஒருவர் மஞ்சள் கொடியை வீசியபடி, வரும் வண்டிகளுக்கு முதுகு காட்டாமல் நிற்பார். அவர் சைகை கொடுத்த பிறகே மற்றவர்கள் இறங்குவார்கள். ஓட்டுநர் எழுந்து நடந்தால் தடுப்புக்கு வெளியே கொண்டுவர வேண்டும். எழவில்லையென்றால் ஹெல்மெட்டைப் பிடுங்கக் கூடாது, கழுத்தைத் திருப்பக் கூடாது, மருத்துவக் குழு வரும்வரை தலையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பந்தயத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி கேட்க வேண்டும். பைக் அதற்குப் பிறகுதான். இன்ஜினை அணைத்து, பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்து, சைலன்சர் சுடாமல் தூக்க வேண்டும். ஆயில் சிந்தியிருந்தால் சிமென்ட் தூளோ மரத்தூளோ போட்டுத் தேய்த்து, வழுக்கும் என்று சொல்லும் சிவப்பு மஞ்சள் பட்டைக் கொடியைக் காட்ட வேண்டும். சின்னத் தடத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் ஆகலாம். இத்தனையும் அதற்குள் நடக்க வேண்டும். முதல் சுற்றில் அந்த நிமிடமும் கிடையாது, எல்லா வண்டியும் ஒட்டியே வரும்.

1977இல் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் நடந்த கார் பந்தயத்தில், நின்றுபோன காரில் தீ என்று 19 வயது மார்ஷல் ஒருவர் தீயணைப்பானோடு தடத்தைக் குறுக்கே கடந்தார். மேட்டைத் தாண்டி வந்த பந்தய வீரர் டாம் பிரைஸின் கார் அவர்மேல் மோதியது. இருவருமே இறந்தார்கள். அந்தப் பையனுக்குத் துணிச்சல் குறைவாகவா இருந்தது? அண்மைக் கதை இலங்கையில். 2024 ஏப்ரலில் தியத்தலாவ பந்தயத்தில் ஒரு கார் கவிழ்ந்தது; மற்றவர்களை மெதுவாக வரச் சொல்லிப் பணியாளர்கள் எச்சரித்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு கார் தடம் விலகிக் கூட்டத்தில் பாய்ந்தது. ஏழு பேர் செத்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் உண்டு, பந்தயப் பணியாளர்களும் உண்டு. அங்கே கொடி இருந்தது, கூட்டம் நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியின் தொடக்கத்திலேயே, முதல் வளைவைத் தாண்டியதும் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். பந்தயம் உடனே நிறுத்தப்பட்டது, தடத்திலேயே ஆம்புலன்ஸ் இருந்தது. எல்லா ஏற்பாடும் உள்ள இடத்திலேயே இந்தக் கதி என்றால், எதுவுமே இல்லாத மைதானத்தை நினைத்துப் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் கூடாது என்கிறது. வளைவில் யார் நிற்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. எருதுவிடும் விழாவுக்கு இதே மாவட்ட நிர்வாகம் தடுப்பு எங்கே, மருத்துவக் குழு எங்கே என்று கேட்டு, இடத்தைப் பார்வையிட்டுத்தான் அனுமதி தருகிறது. பைக்குக்கும் அதைச் செய்யலாமே. ஒரு விஷயம் மட்டும்: நிபந்தனைகளை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பந்தயத்தன்று காலையில் கூட்டம் கூடிய பிறகு அனுமதி இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை, 2023 பிப்ரவரியில் ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் எருதுவிடும் விழாவுக்கு வந்த கூட்டம் மறித்த நெடுஞ்சாலை பார்த்தது.

அந்த நிபந்தனைகளில் ஆம்புலன்ஸ் இரண்டு என்று இருக்க வேண்டும். ஒன்று கிளம்பினால் இன்னொன்று நிற்க வேண்டும். இரண்டும் போனால் பந்தயம் நிற்க வேண்டும். தலையில் பலமான அடி என்றால் இங்கிருந்து பெங்களூருக்குத்தான் அனுப்புகிறார்கள். ஞாயிறு மாலை அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு தாண்டி நிம்ஹான்ஸ் மருத்துவமனை போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. காப்பீட்டுத் தாளையும் வாங்கிப் பாருங்கள். ஓட்டுகிறவர்கள் பெயர் இருக்கும். மார்ஷல்கள் பெயர் இருக்கிறதா?

ஆளுக்குப் பஞ்சமில்லை. ஓசூர் அரசு ஐடிஐ மாணவர்களுக்கு வண்டி தெரியும், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கத்தத் தெரியும். பெங்களூரிலிருந்து வந்து விழுகிறவனுக்கு அது உதவும். தேசிய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற கிளப்புகளிடம் கொடிப் பயிற்சியும், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் முதலுதவிப் பயிற்சியும் இவர்களுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். செலவை இங்கே பைக் செய்யும் கம்பெனிகளிடம் கேட்கலாம், கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன். சூளகிரியிலும் குருபரப்பள்ளியிலும் சாலையில் அடிபட்டுக் கிடப்பவர்களுக்கும் இதே பையன்கள்தான் முதலில் ஓடி வரப் போகிறார்கள்.

அடுத்த விண்ணப்பம் தங்கள் மேசைக்கு வரும்முன் இந்த நிபந்தனைகளை ஆணையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓசூர் மார்ஷல் ஒருவன்