தீவும் கிழங்கும்

தீவுப் படம் பார்க்கையில் அத்தீவினர் உண்பதையே உண்ணவேண்டும் என்பது என் மாணாக்கர் கொள்கை. யப்பானிய நெறியாளர் கனெற்றோ சின்டோ 1960இல் ஆக்கிய 'வெற்றுத் தீவு' என்னும் பொருள்படும் பெயருடைய படத்தை, அவ்வாறே, அவித்த வற்றாளங்கிழங்குடன் பார்க்க அமர்ந்தேன். ஏறத்தாழ உரையாடலே இல்லாத படம். சொல்லால் வாழும் பண்டிதனாகிய எனக்கு அது முதலிற் குறையாகவே பட்டது.

நன்னீரற்ற அத்தீவிலே, வற்றாளைப் பயிருக்காகக் கணவனும் மனைவியும் அயற்றீவிலிருந்து படகில் நீர் கொணர்ந்து, காவுதடியிற் சுமந்து மேடேறுகின்றனர். அவள் இடறி ஒரு வாளி நீரைச் சிந்துகின்றாள், அவன் அறைகின்றான். பின்னர் மூத்த மகனை இழந்தவள், வேண்டுமென்றே வாளியைக் கவிழ்த்துப் பயிரைப் பிடுங்கி அழுகின்றாள். இம்முறை அவன் கை எழவில்லை. உரையாசிரியர் எவரும் இவ்விடத்து ஒரு சொல் சேர்த்தற்கில்லை.

கிழங்கு விக்கிற்று. மாணவனொருவன் நீட்டிய செம்பு நீரைச் சிந்தாமற் பருகினேன்.