டிராக்டரில் ஏறியவர்களும் ஏறாதவர்களும்

2022 செப்டம்பர் முதல் வாரம். பெங்களூரில் லேப்டாப் பையை மார்போடு அணைத்தபடி டிராக்டரில் நின்றுகொண்டு ஆபீஸுக்குப் போன ஐ.டி. ஊழியர்களை நாடே டிவியில் பார்த்தது. ஏமலூர் பக்கம் பல கோடி ரூபாய் வில்லாக்களின் வாசலில் சொகுசுக் கார்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப் குழு வரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "தண்ணிக்கு ஏழை, பணக்காரன்னு தெரியுமா?" சிலர் அதைக் கொஞ்சம் திருப்தியோடே சொன்னார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுவல்ல.

தண்ணீருக்குத் தெரிந்தது மேடும் பள்ளமும்தான், சரி. ஆனால் எது பள்ளம், யார் பள்ளத்தில் இருப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பெரிய ஆறு எதுவும் ஓடாத பெங்களூரில் ஒரு ஏரி நிரம்பினால் மிச்சம் ராஜகால்வாய் என்ற பெரிய வடிகால் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கும். கோரமங்கலா பள்ளத்தாக்கில் 1900களின் தொடக்கத்தில் 113 கி.மீ. நீளமிருந்த வடிகால்கள் 2016-17இல் 63 கி.மீட்டருக்குச் சுருங்கியதாக மத்தியத் தணிக்கைத் துறை 2021இல் சொன்னது. செப்டம்பர் 4 இரவு கொட்டிய 131.6 மி.மீ. மழை வேறு எங்கே போகும்? இயற்கையின் சீற்றம் என்று இதற்குப் பெயர் வைப்பது, பிளான் போட்டவருக்கும் அப்ரூவல் கொடுத்தவருக்கும் செய்கிற உபகாரம்.

வில்லாக்காரர்கள் பட்ட கஷ்டம் பொய்யல்ல. ஆனால் அவர்களில் பலருக்குப் போய்த் தங்க ஓட்டல் அறை இருந்தது, காருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. வெளிவட்டச் சாலை நிறுவனங்களின் சங்கம், சில நாள் முன் பெய்த மழையில் ஆகஸ்ட் 30 அன்று மட்டும் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று முதல்வருக்குக் கடிதம் எழுதியது. அமைச்சர் கம்பெனிக்காரர்களை அழைத்துப் பேசினார். அதே வட்டாரத்தில் தகரக் கொட்டகைகளில் இருந்துகொண்டு குப்பை பிரிப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்களின் நஷ்டத்தை எந்தச் சங்கம் கூட்டிப் பார்த்தது? பாத்திரம் தேய்க்கும் வேலைக்கு 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' கிடையாது. வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கும் வீடுகள்தான் அதிகம்.

சாவிலாவது சமமா? 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் வாடகைக் காரோடு மூழ்கி இறந்த 22 வயதுப் பெண் ஐ.டி. ஊழியர்தான், மறுப்பதற்கில்லை. மற்ற சாவுகளையும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் மழையில் பாபுசாபாளையாவில் இடிந்து விழுந்தது, அனுமதியை மீறி மாடி மேல் மாடியாக எழுந்துகொண்டிருந்த கட்டடம். நசுங்கியவர்கள் அதைக் கட்டிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள். 2025 மே மாதம் மகாதேவபுராவில் சுவர் விழுந்து இறந்தது, காலையில் வேலைக்கு வந்த துப்புரவுப் பணியாளர். அதே மழையில் பி.டி.எம். லேஅவுட் பக்கம் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது மின்சாரம் பாய்ந்து இருவர் இறந்தார்கள். ஒருவர் அங்கே குடியிருந்த 63 வயதுக்காரர். இன்னொருவன், அங்கே வேலை பார்த்த நேபாளியின் 12 வயது மகன். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்தத் தண்ணீரில் என்ன வேலை என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு இந்தச் சமத்துவம் இன்னும் வெளுக்கும். 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையில் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்தது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில். வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வெள்ளக்காட்டுக்கே அனுப்பிய புண்ணியம்!

பெங்களூரில் 2022 வெள்ளத்துக்குப் பிறகு ராஜகால்வாய் ஆக்கிரமிப்பை அகற்ற ஜேசிபிகள் புறப்பட்டன. பெரிய இடங்களை நெருங்கியதும் மறு அளவீடு, ஆட்சேபம், தடை உத்தரவு என்று வேகம் குறைந்தது. ஆவணம் இருப்பவர் சட்டத்தை நாடுவதில் தப்பில்லை. ஆனால் 2020 ஜனவரியில், பெள்ளந்தூர் அருகே கரியம்மன அக்ரஹாரத்துக் கொட்டகைகளில் இருந்தவர்களை வங்கதேசத்தவர் என்று சொல்லி அவற்றை இடித்தபோது இந்த அவகாசமெல்லாம் இல்லை. உயர் நீதிமன்றம் குறுக்கிடுவதற்குள் இடித்து முடித்திருந்தார்கள்.