கௌஸும் டெஸ்லாவும்

காந்தப்புலக் கணக்குகளில் உயர்தர வகுப்பு மாணவர் பலர் இடறுமிடம் அலகு மாற்றமேயாகும். பழைய நூல்கள் கௌஸ், ஏர்ஸ்டெட் என்னும். இக்காலப் பாடநூல்கள் டெஸ்லா, மீற்றருக்கு அம்பியர் என்னும். இவற்றுள் எது எதனோடு பொருந்தும் என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

அளக்கப்படுபவை இரண்டு என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலச் செறிவு ஒன்று. அதன் பயனாக அவ்விடத்தில் நிலவும் காந்தப்பாய அடர்த்தி மற்றொன்று. முன்னாளில் இரண்டுக்கும் கௌஸ் என்ற பெயரே வழங்கியது. 1930இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு செறிவுக்கு ஏர்ஸ்டெட் என்றும், அடர்த்திக்குக் கௌஸ் என்றும் வகுத்தது. டெஸ்லா என்னும் பெயர் 1960இல் ஏற்கப்பட்டது.

ஒரே கணியத்தின் அலகுகளை மாற்றுவது பவுணைக் கிராமாக்குவது போல எளிது. 10,000 கௌஸ் 1 டெஸ்லா. 1 ஏர்ஸ்டெட் என்பது மீற்றருக்கு ஏறக்குறைய 79.6 அம்பியர். ஆனால் ஏர்ஸ்டெட்டிலிருந்து டெஸ்லாவுக்குச் செல்வது, கொத்தால் அளந்ததைக் கிலோவிற் சொல்வது போன்றது. ஒரு கொத்து அரிசியும் ஒரு கொத்துப் பொரியும் ஒரே நிறையாகுமா? உள்ளே இருப்பது யாதென அறிந்தாலன்றி விடை கூற இயலாது. வளியில் 1 ஏர்ஸ்டெட்டுக்கு 1 கௌஸ் நேராகும். சுருளினுள் மெல்லிரும்பை வைத்தாலோ, அடர்த்தி பன்னூறு மடங்காகப் பெருகவுங்கூடும்.

கொழும்பையே எடுத்துக்கொள்வோம். காந்த நடுக்கோடு நமக்கு அணித்தே செல்வதால், இங்கே புவியின் காந்தப்புலம் ஏறத்தாழக் கிடையாகவே உள்ளது. அதன் அடர்த்தி சுமார் 40 மைக்ரோ டெஸ்லா, அஃதாவது 0.4 கௌஸ். வளியாதலின் செறிவு 0.4 ஏர்ஸ்டெட், அல்லது மீற்றருக்கு 32 அம்பியர். வெள்ளவத்தைக் கடற்கரையிலும் கொட்டாஞ்சேனைத் தெருவிலும் திசைகாட்டியின் ஊசியைத் திருப்புவது இவ்வளவே.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய செய்தியன்று. மருத்துவமனைகளிலுள்ள எம்.ஆர்.ஐ. கருவிகள் பல 1.5 டெஸ்லா, அஃதாவது 15,000 கௌஸ் வலிமையுடையவை. அவற்றைச் சூழ, பேஸ்மேக்கர் பொருத்தியோர் அனுமதியின்றி நுழையலாகாதென நெடுங்காலமாக வகுக்கப்பட்டுள்ள எல்லை 5 கௌஸ். டெஸ்லாவிற் சொன்னால் அது அரை மில்லி டெஸ்லா. ஒருவர் அதனை 5 மில்லி டெஸ்லா எனப் பிறழக் கொள்வாராயின், எல்லை 50 கௌஸ் நிலவும் இடத்துக்குத் தள்ளப்படும். அங்கு நிற்பவரின் உயிருக்கே அது தீங்காகலாம். ஆதலால் எண்ணைக் கண்டதும் அலகையும், அலகைக் கண்டதும் அது செறிவா அடர்த்தியா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: மேற்கூறிய கருவியின் புலம் கொழும்பின் புவிக்காந்தப் புலத்தைப் போல எத்தனை மடங்கு? இரண்டையும் ஒரே அலகுக்குக் கொணர்ந்து வகுப்பவருக்கு 37,500 என்னும் விடை கிடைக்கும்.