கலந்தாலோசித்தலும் இசைவும்

சட்டத்தில் ஒரு சொல் பிறழுமாயின் அதிகாரமே இடம் பெயரும். ஆகலின், ஆண்டுச் சொற்பொருளைத் திரிபின்றிக் காத்தல் இன்றியமையாததாம்.

உச்சநீதிமன்ற நீதிபதிகளை நியமிக்குங்கால், குடியரசுத் தலைவர் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என இந்திய அரசியலமைப்பின் 124 ஆம் உறுப்பு விதிக்கின்றது. கலந்தாலோசித்தலாவது, ஒருவர் கருத்தைக் கேட்டு, நன்காராய்ந்து, கேட்டவரே முடிவு செய்தல். இசைவு பெறுதலாவது, மற்றவர் உடன்பட்டாலன்றிச் செய்யாமை. மணம் பேசுந் தந்தை சுற்றத்தாரைக் கலந்தாலோசிப்பான். மகளிடமோ இசைவு பெறுவான். இவ்விரண்டும் ஒன்றாதல் யாங்ஙனம்?

இசைவு என்னுஞ் சொல்லை அரசியலமைப்பு வகுத்தோர் அறியாதாரல்லர். தலைமை நீதிபதியின் இசைவு வேண்டுமென்னுந் திருத்தம் 1949 மே 24 ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையின் ஆராய்ச்சிக்கு வந்தது. தலைமை நீதிபதியும் மக்கட்குரிய குறைபாடுகள் உடையவரே. அவர்க்குத் தடையதிகாரம் அளித்தல் தீங்காம் என அம்பேத்கர் மறுத்தார். சபையும் அதனைத் தள்ளிற்று.

1981 இல் எழுவர் கொண்ட அமர்வு, கலந்தாலோசித்தல் இசைவன்று என்றே துணிந்தது. 1993 இல் ஒன்பதின்மர் அமர்வோ, நியமனத்தில் தலைமை நீதிபதியின் கருத்தே முதன்மையுடைத்தெனப் பெரும்பான்மையால் மாற்றிற்று. 1998 இல் அக்கருத்து, அவரும் மூத்த நால்வருங் கூடிய குழுவின் கருத்தாக விரிந்தது. தள்ளுண்ட சொல் இவ்வாறு புறவாயில் வழியே புகுந்தது.

ஆள்வோர் கையில் நியமனம் அகப்படின் நீதி நடுவு பிறழும். 1973 இல் மூத்தார் மூவரை விலக்கி இளையார் ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டமை காண்க. ஆகலின் இவ்வுரை வேண்டுவதே என்பர் ஒருசாரார். அச்சம் மெய்யே, மருந்து தவறு. என்னை? குறையுளதாயின் 368 ஆம் உறுப்பின்வழித் திருத்துதலே முறை. சொல்லின் பொருளைத் திரித்தல் முறையன்று. அன்றியும், அவ்வுறுப்பு ஏனை நீதிபதிகளைக் கேட்டற்கும் அச்சொல்லையே வழங்குகின்றது. ஒரு தொடரில் ஒரு சொல் ஒருவர்க்கு இசைவாகவும், மற்றையோர்க்கு வெறுங் கேள்வியாகவும் நிற்குமோ?

நாடாளுமன்றம் 99 ஆம் திருத்தத்தால் வேறொரு முறை வகுத்தபோது, நியமனத்தில் நீதித்துறையின் முதன்மை அரசியலமைப்பின் அடிப்படைக் கூறெனக் கொண்டு, 2015 இல் நால்வர் ஒருவர் என்னும் பெரும்பான்மையால் அத்திருத்தமுந் தள்ளப்பட்டது. உரை மூலத்தை விழுங்கியதற்கு இதனினுஞ் சான்று வேண்டா.

உரையாசிரியன் நூலுக்கு அடங்கியவன். நீதிபதியுஞ் சட்டத்துக்கு அடங்கியவரே. அவர்தங் கையாற் சொல் வளையுமாயின், நாளை ஆள்வோர் வளைக்குங்கால் தடுப்பார் யார்?